கேக்குக்கு அடியில் முந்நூற்று அறுபது டிகிரி

லிஃப்ட் கம்பெனி ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் டேரில், எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் நம்பமாட்டான். கல்யாண மண்டபத்துக்குப் போனால், லிஃப்டுக்குள் மாட்டியிருக்கும் சர்டிஃபிகேட்டை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுசாகப் படிப்பான். தேதி தாண்டியிருந்தால் தானும் ஏறமாட்டான், பின்னால் நிற்பவர்களையும் ஏற விடமாட்டான். ஒரு தடவை அப்படி மணப்பெண்ணே மூன்று மாடி படியேறி, மூச்சு வாங்கி, பவுடர் கரைந்து மேடைக்கு வந்தாள். அந்தக் கல்யாண ஆல்பத்தில் டேரில் குடும்பத்தின் படம் ஒன்றுகூடக் கிடையாது.

அவன் மனைவி ஐரின், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஐரினின் தம்பி கிளிஃபர்ட்தான் டேரிலுக்கு நேர் எதிர். கட்டில் வாங்கிப் பூட்டிவிட்டு ஆறு ஸ்க்ரூ மிச்சமானால், "கம்பெனிக்காரன் சும்னே எக்ஸ்ட்ரா குடுத்திருக்கான்" என்று கன்னடம் கலந்து சொல்லி டப்பாவில் போட்டு வைப்பான். அந்தக் கட்டிலில் படுத்த விருந்தாளிகள் விடியும்போது தரையில் இருப்பார்கள்.

மாமனுக்கும் மச்சானுக்கும் ஒரே ஒரு ஒற்றுமை. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி பைக் இருந்தது. பதினெட்டு வயதான, ஒற்றை சிலிண்டர் பைக். போன வருடம் ஹோஸ்கோட்டே தாண்டி ஒரு தனியார் ஓடுபாதையில் நடந்த கால் மைல் போட்டியில் இரண்டு பேரும் கலந்துகொண்டார்கள். காய்கறி வாங்கப் போகிற கோலத்தில் வந்திருந்த ஒரு ஸ்கூட்டர்காரர் இரண்டு பேரையும் முந்திப்போனார். போகும்போது கையை வேறு ஆட்டினார்.

அந்தக் கை ஆட்டல் இரண்டு பேரையும் தூங்க விடவில்லை. விசாரித்து, யோசித்து, கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லி, ஆளுக்கு ஒரு பெர்ஃபார்மன்ஸ் கேம் வரவழைத்தார்கள். வால்வு எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்று என்ஜினுக்குச் சொல்வது இந்தக் கேம் ஷாஃப்ட்தான். முட்டை முட்டையாகப் புடைத்த ஒரு தண்டு. புடைப்பைப் பெரிதாக்கினால் என்ஜினுக்கு மூச்சு கூடும், வண்டிக்கு வேகம் கூடும். ஆனால் நேரம் தப்பினால், திறந்து நிற்கிற வால்வின் தலையில் பிஸ்டன் வந்து முட்டும். அதற்குப் பிறகு அந்த என்ஜினை வைத்துக் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

கேமோடு அதன் பல்சக்கரமும் ஒரு அட்டையும் வந்திருந்தன. பிஸ்டன் உச்சிக்கு வந்து நூற்று ஆறு டிகிரி தாண்டியதும் இன்டேக் வால்வு முழுசாகத் திறந்திருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"அத செக் பண்ணணும்" என்றான் டேரில்.

"மாமா, பல்சக்கரத்துல புள்ளி இருக்கு. ஹெட்டுல கோடு இருக்கு. புள்ளிய கோட்டுக்கு நேரா வச்சு செயினைப் போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு வட்டத் தட்டு, கேஜு, கால்குலேட்டரு?"

"புள்ளிய யாரு வச்சது?"

"பட்டறைக்காரன்."

"வைக்கும்போது நீ பக்கத்துல இருந்தியா?"

"எங்கக்காவ கட்டும்போதும் இப்படித்தான் கேட்டீங்களா மாமா?"

டேரில் அட்டையை மடித்துப் பையில் வைத்தான். உண்மையில் கேட்டிருந்தான். ஐரினின் ஞானஸ்நானச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் பிறந்த தேதி ஒரு நாள் வித்தியாசப்பட்டதைக் கண்டுபிடித்து, நிச்சயதார்த்தத்தன்று காபி ஆறும்வரை அதைப் பற்றியே பேசியவன் அவன்.

கிளிஃபர்ட் வீட்டுக்குப் போய் ஒரே மாலையில் கேமைப் போட்டு மூடிவிட்டான். போதாததற்கு, இன்னும் கொஞ்சம் பலம் வரட்டும் என்று சிலிண்டர் ஹெட்டின் அடியை வேறு லேத்தில் கொடுத்து அரை மில்லி ராவி வைத்திருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, அவர் கையாலேயே ஸ்டார்ட் பண்ணப்போவதாக வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினான்.

டேரில் அதே சனிக்கிழமை காலையில்தான் வேலையை ஆரம்பித்தான். கேமைப் புள்ளிக்கு நேராக வைத்து, செயினைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, டிகிரி வீலை எடுக்க அலமாரியைத் திறந்தான். அது இல்லை.

டிகிரி வீல் என்பது சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினிய வட்டம். விளிம்பில் சுற்றிலும் முந்நூற்று அறுபது கோடுகள். பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்க் தண்டின் முனையில் அதை மாட்டி என்ஜினைக் கையால் சுற்றினால், பிஸ்டன் எந்த டிகிரியில் இருக்கும்போது வால்வு என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு தூசி படாமல் துணியில் சுற்றி வைத்திருந்தான். துணி இருந்தது, மடித்து வைக்கப்பட்டு.

"ஐரின், இங்க ஒரு வட்டத் தட்டு இருந்துச்சே?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"சுத்திலும் டிகிரி போட்டிருந்துச்சே, அதுவா?"

"அதேதான்."

"அது என் கிளாஸுக்கு வாங்கிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன். ஆங்கிள் சொல்லிக் குடுக்க."

"சரி, எங்க வச்சிருக்க?"

"கேக்குக்கு அடியில."

டேரிலுக்கு முதலில் புரியவில்லை. அன்று பங்குச் சாமியார் ஃபாதர் ஜெயராஜ் குருப்பட்டம் வாங்கி இருபத்தைந்து வருடம். பங்கு மக்கள் சார்பில் கோயில் ஹாலில் விழா. கேக் செய்து தருகிறேன் என்று ஐரின் ஒத்துக்கொண்டிருந்தாள். செய்த கேக் வீட்டிலிருந்த எந்தத் தட்டுக்கும் பொருந்தவில்லை. இந்தத் தட்டு அளவெடுத்த மாதிரி இருந்தது.

"நடுவுல ஓட்டை இருக்குமே ஐரின்."

"ஒரு மேரி பிஸ்கட் வச்சு அடைச்சேன். விளிம்புல லேஸ் பேப்பர் ஒட்டிட்டேன். நம்பரே தெரியாது, பயப்படாதீங்க."

டேரில் பயந்தது அதற்கல்ல. லேஸ் பேப்பரை எதைக்கொண்டு ஒட்டினாள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஒன்பது மணிக்கே கேக் ஹாலுக்குப் போய்விட்டது. இருவரும் சட்டை, சேலை மாற்றிக்கொண்டு ஓடினார்கள்.

ஹாலில் கேக் மேடை நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் விழாக் கமிட்டித் தலைவி பிரிஸில்லா ஆண்ட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன வருடத் திருவிழாவில் கேக்கை யாரோ முன்கூட்டியே ஓரத்தில் நோண்டிவிட்டார்கள். அதிலிருந்து எந்தக் கேக் வந்தாலும் அவரே காவல்.

"ஆண்ட்டி, தட்ட மட்டும் மாத்திக்கிறேன். ரெண்டே நிமிஷம்" என்றான் டேரில்.

"ஃபாதர் கத்தி வைக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுப்பா."

"கேக்கத் தொடமாட்டேன் ஆண்ட்டி. தட்டத்தான்."

"தட்டத் தூக்கினா கேக்கு எங்க நிக்கும்? அந்தரத்துலயா?"

நியாயமான கேள்வி. டேரில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான். பதினொரு மணிக்கு ஆரம்பிக்கவேண்டிய விழா பதினொன்றே முக்காலுக்கு ஆரம்பித்தது. வரவேற்புரை, வாழ்த்துரை, பாட்டு, இன்னொரு வாழ்த்துரை. பேசுகிறவர்கள் எல்லோரும் ஃபாதரைப் பார்த்துப் பேசினார்கள். டேரில் மட்டும் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பின் வரிசையில் யாரோ, "பாவம், காலையில சாப்பிடல போல" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது.

ஒன்றே கால் மணிக்கு ஃபாதர் கேக்கை வெட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் சண்டை வந்தது. பங்கு போடுவதற்குப் பிரிஸில்லா ஆண்ட்டி கத்தியை எடுத்ததும், போன தடவை கோயிலில் பாட்டுப் பாடும் காயர்காரர்களுக்குப் பெரிய துண்டும் மாதர் சங்கத்துக்குச் சின்னத் துண்டும் போனதை ஒருவர் ஞாபகப்படுத்தினார். காயரிலிருந்து ஒருவர் எழுந்தார். மாதர் சங்கத்திலிருந்து நான்கு பேர் எழுந்தார்கள். ஃபாதர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினார், யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஐரின் மேடையேறி, தட்டு விளிம்பில் ஒட்டியிருந்த லேஸ் பேப்பரைப் பிரித்தாள்.

"எத்தனை பேரு இருக்கோம்?"

எண்ணிச் சொன்னார்கள். நாற்பத்தைந்து.

"முந்நூத்தி அறுபத நாப்பத்தஞ்சால வகுத்தா எட்டு. ஆளுக்கு எட்டு டிகிரி. ஒரு கோடு கூடாது, ஒரு கோடு குறையாது. வந்து எண்ணிப் பாத்துக்குங்க."

கூட்டமாக வந்து குனிந்து பார்த்தார்கள். அலுமினியத்தில் கோடுகள் துல்லியமாகப் பளபளத்தன. ஐரின் கத்தியை வைக்கப்போனபோது, அதுவரை கைகட்டி நின்ற டேரிலால் தாங்க முடியவில்லை.

"சாய்ஞ்சு பாக்காத. ஒரு டிகிரி தப்பா தெரியும். நேரா மேல இருந்து பாரு" என்று மேடைக்கு ஓடினான். ஒரு பல்குத்தும் குச்சியைக் கேக் ஓரத்தில் முள்ளாகக் குத்தி, "பூஜ்யம். எட்டு. பதினாறு. கத்திய நிமித்திப் பிடி. இருபத்தி நாலு" என்று சொல்லச் சொல்ல ஐரின் வெட்டினாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பேரும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு வேலை செய்தது கிடையாது.

"எனக்கு சுகர்ம்மா. நாலு டிகிரி போதும்" என்றார் ஃபாதர்.

"மிச்ச நாலு டிகிரி கமிட்டிக்கு" என்றார் பிரிஸில்லா ஆண்ட்டி, யாரும் வாய் திறக்கும் முன்னால்.

இரண்டு மணிக்கு வீல் டேரிலின் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் க்ரீமை எடுத்தான். பிறகு கிராங்கில் மாட்டி, ஒரு கம்பியை வளைத்து முள்ளாக வைத்தான்.

முதலில் பிஸ்டனின் உண்மையான உச்சியைக் கண்டுபிடிக்கவேண்டும். ஸ்பார்க் பிளக் ஓட்டையில் ஒரு போல்ட்டைத் திருகி, பிஸ்டன் உச்சிக்கு வரமுடியாதபடி வழியை மறித்தான். ஸ்பேனரால் கிராங்கை ஒரு பக்கம் சுற்றினான், முட்டி நின்றது. முப்பத்திரண்டு. மறுபக்கம் சுற்றினான், முட்டி நின்றது. இருபத்தெட்டு. வீலை இரண்டு டிகிரி நகர்த்தி, இரண்டு பக்கமும் முப்பது காட்டும்படி வைத்தான். இப்போது வீலின் பூஜ்யம்தான் உச்சி. போல்ட்டை எடுத்துவிட்டு, வால்வு எத்தனை மில்லி இறங்குகிறது என்று காட்டும் டயல் கேஜை இன்டேக் வால்வின் மேல் நிறுத்தினான்.

வால்வு முழுசாகத் திறப்பதற்கு ஒரு மில்லி முன்னால் வீல் என்ன காட்டுகிறது, தாண்டி ஒரு மில்லி மூடியபின் என்ன காட்டுகிறது என்று இரண்டையும் குறித்தான். தொண்ணூற்றேழு. நூற்று ஐம்பத்தேழு. கூட்டிப் பாதியாக்கினால் நூற்று இருபத்தேழு.

அட்டையில் இருந்தது நூற்று ஆறு.

மறுபடி செய்தான். நூற்று இருபத்தேழு. வீலை முகர்ந்து பார்த்தான், வெனிலா வாசனை வந்தது. கழற்றி மறுபடி கழுவி, மாட்டி, உச்சி பிடித்து, மூன்றாவது தடவை பார்த்தான். நூற்று இருபத்தேழு.

"ஐரின், தொண்ணூத்தேழும் நூத்தி ஐம்பத்தேழும் கூட்டி ரெண்டால வகுத்தா என்ன?"

"நூத்தி இருபத்தேழு. ஏன், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அவளே வந்து பார்த்தாள். இருபத்தொரு டிகிரி தாமதம் என்று டேரில் சொன்னதும், பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேட்டாள். முப்பத்து நான்கு. கேம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேஜையில் கிடந்த டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டாள்.

"எழுநூத்தி இருபது வகுத்தல் முப்பத்தி நாலு. இருபத்தொண்ணு சொச்சம். ஒரு பல்லு. புள்ளிய ஒரு பல்லு தள்ளி அடிச்சுட்டாங்க."

டேரில் பட்டறைக்குப் போன் போட்டான். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த பேட்சுக்கு எல்லாம் ஒரே அச்சுல வச்சுத்தாங்க புள்ளி அடிச்சோம். தப்புன்னா எல்லாமே ஒரே மாதிரி தப்பாத்தான் இருக்குமுங்க" என்றார், அதில் ஏதோ பெருமை இருப்பதுபோல.

அப்போதுதான் டேரிலுக்குக் கிளிஃபர்ட் ஞாபகம் வந்தது. அதே பேட்ச். அதே புள்ளி. இந்த என்ஜினிலேயே வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி. அவனோ ஹெட்டை அரை மில்லி ராவி இறக்கி வைத்திருக்கிறான். மணி மூன்று ஐம்பத்திரண்டு. போன் போட்டான், எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. பைக் மந்திரிப்பதைப் படம் பிடிக்கக் கிளிஃபர்ட் தன் போனை ஸ்டாண்டில் மாட்டி ஆன் பண்ணியிருந்தான்.

கிளிஃபர்ட் வீடு மூன்று தெரு தள்ளி. டேரில் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்க மறந்து ஓடினான். தெருமுனையில் ஆட்டோ ஓட்டும் மஞ்சுநாத் வழிமறித்தார்.

"ஏனாய்த்து சார், என்ன ஆச்சு?"

"மச்சான்... நாலு மணிக்குள்ள நிறுத்தணும்."

மஞ்சுநாத் ஸ்பேனரைப் பார்த்தார். டேரிலின் முகத்தைப் பார்த்தார். "ஹொடிபேடி சார், அடிக்காதீங்க. குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கலாம்" என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சொல்லி, அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். வழி நெடுக சமாதானமாகப் போவதின் நன்மைகளைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஸ்பேனரை வாங்கித் தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கிளிஃபர்ட் வீட்டு வாசலில் பைக்குக்கு மாலை போட்டிருந்தது. ஃபாதர் ஜெயராஜ் ஜெபத்தை முடித்து, தீர்த்தம் தெளித்து, கட்டைவிரலை ஸ்டார்ட்டர் பட்டனுக்கு நேரே கொண்டுபோயிருந்தார்.

"ஃபாதர், அமுக்காதீங்க" என்றான் டேரில் ஆட்டோவிலிருந்து இறங்காமலே.

ஃபாதர் சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். கிளிஃபர்டுக்கு முகம் சிவந்தது. "மாமா, ஸ்வல்ப மரியாதையா இருங்க. வீடியோ ஓடிட்டிருக்கு."

"புள்ளி தப்பு கிளிஃப். ஒரு பல்லு தள்ளியிருக்கு."

"உங்களுக்கு எல்லாமே தப்புதான். மத்தியானம் கேக்கையே அளந்து வெட்டுன ஆளு நீங்க."

"ஆனா அது சரியாத்தான்பா வெட்டினாரு" என்றார் ஃபாதர்.

டேரில் வாதாடவில்லை. கிராங்க் மூடியின் சின்ன அடைப்பைக் கழற்றச் சொன்னான். மஞ்சுநாத் தயங்கித் தயங்கி ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார். டேரில் அதை ஃபாதர் கையில் கொடுத்து, "நீங்களே மெதுவா சுத்துங்க ஃபாதர். பலம் போடவேணாம்" என்றான்.

ஃபாதர் அங்கியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து சுற்றினார். ஒரு சுற்று வரப்போகும்போது டக் என்றது. நின்றுவிட்டது. பின்னால் சுற்றி மறுபடி வந்தார். அதே இடத்தில் டக்.

"உள்ள ஏதோ இடிக்குதுப்பா" என்றார்.

"வால்வு. பட்டனை அமுக்கியிருந்தீங்கன்னா வளைஞ்சிருக்கும்."

ஃபாதர் தன் கட்டைவிரலை ஒரு நிமிடம் பார்த்தார். கிளிஃபர்ட் போய் வீடியோவை நிறுத்தினான். திரும்பி வந்து, கழுத்தைச் சொறிந்துகொண்டு, "அந்தத் தட்டு இப்ப சும்மா இருக்கா மாமா?" என்று கேட்டான். அன்று சாயங்காலமே இரண்டு பைக்குக்கும் ஒரு பல் நகர்த்தி, உச்சி பிடித்து, அளந்து பார்த்தார்கள். டேரிலுடையது நூற்று ஆறு. கிளிஃபர்டுடையது நூற்று ஐந்தரை. அரை டிகிரி பரவாயில்லை என்றான் கிளிஃபர்ட். டேரில் அன்றைக்கு அதை விட்டுவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹோஸ்கோட்டே ஓடுபாதையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் நின்றார்கள். டேரில் கிளம்புமுன் நாற்பத்தோரு வரிப் பட்டியல் ஒன்றைப் படித்து, ஒவ்வொன்றாக டிக் அடித்தான். டயர் காற்று, செயின் தொய்வு, பிளக், கேபிள், ஷூ லேஸ் எல்லாம் அதில் இருந்தன.

கொடி இறங்கியதும் பைக் சீறிக்கொண்டு கிளம்பியது. டேரில் டேங்கின் மேல் படுத்துக்கொண்டான். கிளிஃபர்டை ஒரு சக்கர அளவு முந்திவிட்டான். அந்தக் காய்கறி ஸ்கூட்டர்காரர் இந்தத் தடவை பார்வையாளர் பக்கம் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்ததைக்கூடப் பார்த்தான். பாதித் தூரத்தில் என்ஜின் இரண்டு தடவை விக்கியது. மூன்றாவது விக்கலில் அடங்கிவிட்டது. டெம்போவில் ஏற்றிவரும்போது சிந்தக்கூடாது என்று மூடிய பெட்ரோல் டேப்பைத் திறக்க மறந்திருந்தான். நாற்பத்தோரு வரியில் பெட்ரோல் இல்லை.

கிளிஃபர்ட் எல்லைக்கோட்டைத் தாண்டி, வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தே திரும்பி வந்தான். வந்து பின்னால் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தான். டேரில் டேப்பைத் திறந்தும் என்ஜின் உடனே பிடிக்காததைப் பார்த்தும், ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. அதுதான் டேரிலுக்குப் பொறுக்கவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஐரின் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றிருந்தாள். இரண்டு பேரும் வியர்த்து வழிய வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள்.

"எத்தனை செகண்டு?" என்று கேட்டான் டேரில், மூச்சிரைத்துக்கொண்டே.

"ஓட்டினதுக்கா, தள்ளினதுக்கா?"

டேரில் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தான்.

"ரெண்டையும் தனித்தனியா சொல்லு" என்றான்.